அக்கா மனப்பாடமாக வைத்திருந்தவை

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைவடைகிறது. சென்ற ஆண்டு, விடாத மழையில் லயத்து வாசலில் நனைந்தபடி நின்று அவரை வழியனுப்பி வைத்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், வர முடியாமல் தொலைவில் இருந்தே அழுதவர்களுக்கும் இந்தச் சிறிய நினைவு மலரை அக்காவின் மகள் தர்ஷினியும் நானும் சேர்ந்து கொடுக்கிறோம். அக்காவுடன் பிறந்தவர்களில் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேகாலை நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன்; எழுதிப் பழக்கம் இல்லை. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரண வீட்டுக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "உங்க அக்காவுக்கு என்னா ஞாபகம்! ஒருதரம் கேட்டா போதும், அப்புடியே ஒப்பிச்சிருவாங்க." அது உண்மைதான். அந்த ஞாபகம் அவரைக் காப்பாற்றியதும் உண்டு, வதைத்ததும் உண்டு. கூட இருந்து பார்த்தவள் என்ற முறையில் அதையே இங்கே எழுதுகிறேன்.

கேகாலை மலைப்பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில், பால்வெட்டுத் தொழிலாளர்களான எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, சிறு வயதிலேயே இறந்துவிட்டது. வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒற்றை அறைக் காம்பரா; அதன் தகரக் கூரை மழைக்கு ஒழுகும். எந்த மூலையில் வைத்தாலும் புத்தகப் பை நனைந்துவிடும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து கிழிந்துவரும். அப்படி ஒரு மழைக் காலத்தில்தான் அக்கா பாடங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினார். வாசிப்புப் புத்தகம், வாய்ப்பாடு, சமயப் பாடம், வரலாறு எல்லாவற்றையும் அடுப்பங்கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பார்.

"பொருள் தெரியாம எதுக்குக்கா ஒப்பிக்கிறீங்க?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"பொருள் ஒருநாள் வரும் பிள்ள. வர்றப்ப உக்கார அங்க எடம் இருக்கணும்ல?" என்றார்.

மார்கழியில் விடியற்காலைப் பஜனைக்குப் போனாலும் மற்றவர்கள் தாளைப் பார்த்துப் பாடுவார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். நடுவில் யாராவது வரியை விட்டால் அவர் குரலைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அக்கா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் அப்பா விழுந்தார். மழை விட்ட ஒரு காலையில் பால் வாளியோடு பாறையில் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. முதுகெலும்பு முறிந்து, கேகாலையிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்குச் சிங்களம் சரளமாக வராது. ஆஸ்பத்திரியில் பேசிச் சமாளிக்க அக்காவைத் துணைக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துக்குக் கீழே பஸ் பாதையோரக் கடையில் மட்டும்தான் தொலைபேசி இருந்தது. கடையை நடத்தியவர் ஒரு சிங்கள முதலாளி. அந்த எண்ணை அம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "சீட்ட நம்பாத. இத பாடமாக்கிக்க. என்னா நடந்தாலும் இந்த நம்பருக்குப் பேசு" என்றார். அக்கா மலையிறங்கிப் போகிற வழியிலேயே அதைப் பாடமாக்கிவிட்டார். பின்னாளில் தொலைபேசி எண்களில் ஓர் இலக்கம் கூடியபோது அதையும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா எழுந்து நடக்கவேயில்லை. அக்கா பரீட்சை எழுதவில்லை. அப்பாவின் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறினார். பாடங்களை மட்டும் அவர் விடவில்லை. மரத்துக்கு மரம் போகும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கும் வரையில் ஒரு பத்தி. அடுத்த மரத்தில் அடுத்த பத்தி. "அங்கிட்டு ஒரு ரேடியோ போகுது" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அக்காவும் சிரிப்பார். எழுத முடியாமற்போன பரீட்சையை அவர் இப்படி ஆண்டுக் கணக்காக எழுதிக்கொண்டிருந்தார் என்று நான் பிறகு நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் திருமணம் அப்பா கண்ணை மூடுவதற்கு முன் நடந்தது. அத்தான் இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், அமைதியான மனிதர். தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களில் மாணிக்கக்கல் குழிகளில் இறங்குவார். தர்ஷினி தவழ்ந்துகொண்டிருந்த பருவத்தில், தொடர்ந்து மழை பெய்த ஒரு வாரத்தின் முடிவில் குழியின் ஓரம் சரிந்தது. அத்தானின் உடலை எடுத்துக் கொடுத்தார்கள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களிடமே திரும்பி வந்துவிட்டார்.

தர்ஷினி பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு அக்கா அரபு நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனார். மகளை வேறு வழியில் படிக்கவைக்க முடியாது என்று அவர் முடிவு செய்திருந்தார். அம்மா தடுத்தார். நானும் தடுத்தேன். அக்கா கேட்கவில்லை. புறப்பட்ட காலையில் தர்ஷினிதான் வாசலில் நின்று, யாரோ சொல்லிக் கொடுத்தபடி, "போயிட்டு வாங்கம்மா" என்று கையசைத்தாள்.

முதல் சில மாதங்கள் அக்கா கைபேசியில் பேசினார். பிறகு பேச்சு நின்றது. நாங்கள் எடுத்தால் மணி போகவில்லை. அனுப்பிய முகவரிடம் போனோம். "ஓடிப் போயிருப்பா" என்று வாய் கூசாமல் சொன்னார். முறைப்பாடு கொடுத்தோம். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அப்படியே ஓராண்டுக்கு மேல் போய்விட்டது. அம்மா அந்தக் கவலையிலேயே படுத்தார். வேலை முடிந்து நான் வாசற்படி ஏறும்போதே, "போன் வந்துச்சா?" என்று உள்ளிருந்து கேட்பார். தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் அந்தக் கேள்வியும் நின்றுபோனது. அம்மாவுக்குக் கொள்ளி வைக்கும்போது மூத்த மகள் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அங்கே நடந்ததை அக்கா பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வீட்டுக்காரர்கள் அவருடைய கைபேசியைப் பறித்து உடைத்துவிட்டார்கள். என்னுடைய எண்ணும், அயலவர்களின் எண்களும் எல்லாம் அந்தக் கைபேசிக்குள்தான் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் பாடமாக்கியிருக்கவில்லை. பெயரைத் தொட்டால் பேசலாம் என்றான பிறகு எண்ணை யார் பார்க்கிறார்கள்? அவர் தலையில் இருந்தது கடைத் தொலைபேசியின் எண் ஒன்றுதான். வெளியிலிருந்து பூட்டிய வீட்டில், அடியும் அரைவயிறுமாக, அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவினாராம். மறந்துவிடுமோ என்ற பயம் வந்தால் பின்னாலிருந்து முன்னாலும் சொல்லிப் பார்ப்பாராம்.

எப்போதாவது ஒரு தொலைபேசி கையில் கிடைத்தால் என்ன சொல்வது என்பதையும் அவர் தயார் செய்து வைத்திருந்தார். எடுப்பவர் முதலாளியாகத்தான் இருப்பார் என்பதால் சிங்களத்தில். அதிக நேரம் கிடைக்காது என்பதால் வீண் சொல் ஒன்றும் இல்லாமல்.

அந்த வாய்ப்பு வந்தது. வீட்டிலுள்ளவர்கள் விருந்தொன்றுக்குப் போயிருந்தபோது, போகாமல் வீட்டிலிருந்த வயதான அம்மாள் தன் கைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அக்கா இலங்கைக்கான குறியீட்டோடு அந்த எண்ணை அழுத்தினார்.

கடையில் அந்தப் பழைய தொலைபேசியை அப்போது யாரும் பாவிப்பதில்லை. முதலாளியின் மகன் அதைத் துண்டித்துவிடச் சொல்லி வந்தாராம். முதலாளிதான் கேட்கவில்லை. அன்று அவரே எடுத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அது. நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, எதையோ முணுமுணுத்தபடி மேலே ஏறி வந்தார். அந்த மேட்டில் அவர் அவ்வளவு வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை. "வாங்க முதலாளி" என்றேன். பேசாதே என்பதுபோல் கையைக் காட்டினார். வாசலில் நின்று, மூச்சு விடாமல், அக்கா சொன்னதை அப்படியே சிங்களத்தில் ஒப்புவித்தார். நான் உயிரோடு இருக்கிறேன். போனைப் பறித்துவிட்டார்கள். ஊர் இது. வீட்டுக்காரரின் பெயர் இது. வீட்டுக்கு எதிரே பச்சைக் கதவு வைத்த பள்ளிவாசல் இருக்கிறது. வெளியே விடமாட்டார்கள். என்னை எடுத்துவிடுங்கள். மகளிடம் சொல்லுங்கள்.

சொல்லி முடித்ததும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"லியாகன்ன, லியாகன்ன. எழுதிக்க பிள்ள, எனக்கு மறந்துரும்" என்று அவசரப்படுத்தினார். பேனா தேடும் நேரத்தில் ஒரு சொல் நழுவிவிடுமோ என்று பயந்து, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

"மகள்கிட்ட என்னா சொல்லச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அதோட கட் ஆகிருச்சு" என்றார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, "அனே துவே, அனே துவே" என்று, ஐயோ மகளே, ஐயோ மகளே எனச் சிங்களத்தில், தன் மகளுக்கே நேர்ந்ததைப்போல அழுதார்.

ஊரும் பெயரும் அடையாளமும் கைக்கு வந்த பிறகு அதிகாரிகளால் எங்களைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. அதற்கும் பல மாதங்கள் எடுத்தன. ஒருநாள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு துணிப் பையோடு அக்கா வெளியே வந்தார். பாதி உடம்பாக இருந்தார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"அம்மா எங்க? இவ்வளவு தூரம் வர ஏலாதாமா?"

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்க்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப?" என்றார்.

"தை மாசம்."

கேகாலைக்கு வரும் வழியில் வரக்காப்பொலை தாண்டும்போது, "கடைசியா என்னைய கேட்டாங்களா?" என்றார். "ஒவ்வொரு நாளும் கேட்டாங்க" என்றேன். அவர் அழவில்லை. தர்ஷினி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்தப் புதிய பெண்ணை விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த அக்கா மீண்டும் பால் வெட்டப் போனார். ஆனால் மரங்களுக்கிடையே பாடம் சொல்லும் குரலை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. பகலில் வேலை முடிந்து வந்து சற்றுக் கண்ணயர்ந்தால் திடீரென்று எழுந்து நின்று, அரபு மொழியில் யாருக்கோ பதில் சொல்வார். அங்கே அவரைத் திட்டப் பயன்படுத்திய சொற்கள், ஏவிய சொற்கள் எல்லாம் அட்சரம் பிசகாமல் அவருக்குள் இருந்தன. ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், அவர் உதடுகள் தாமாக அசையும்.

"மறந்துருங்கக்கா" என்று அறியாமல் சொன்னேன்.

"நல்லது எல்லாம் நானா தேடிப் போயி மனசுல வச்சேன் பிள்ள. எவ்வளவு பாடுபட்டு வச்சேன்! இது கேக்காமலே வந்து குந்திக்கிச்சு. எந்திரிக்கவும் மாட்டேங்குது" என்றார்.

மகளோடும் அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. தர்ஷினி சாப்பாட்டுக்கும் தலை சீவவும் என்னிடமே வருவாள். அக்கா அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஒருநாள் அவள் நேராகவே கேட்டாள்.

"போன்ல முதலாளிகிட்ட, மகள்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னீங்களாமே. என்னா சொல்லச் சொன்னீங்க?"

"அது வரைக்கும்தான் பாடமாக்கி வச்சிருந்தேன் மகள். ஒனக்கு என்னா சொல்றதுன்னு எத்தனையோ நாள் யோசிச்சேன். ஒன்னும் சரியா வரல்ல" என்றார் அக்கா.

தர்ஷினி எழுந்து போனாள். அன்று மாலை முதன்முறையாகச் சீப்பை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள்.

அதற்குப் பின்வந்த ஆண்டுகளை நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்தது. தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். மார்கழிப் பஜனைக்கு மீண்டும் போனார். தர்ஷினி சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்து, உயர்தரம் படிக்க நகரத்துப் பாடசாலையில் சேர்ந்தாள். ஒரு குறை மட்டும் இருந்தது. பால்வெட்டு நாட்களிலும் சரி, மடுவத்து நாட்களிலும் சரி, அக்கா வேலைக்குப் புறப்பட்டு, நானும் முதல் பஸ்ஸில் மருந்துக் கடைக்குப் போய் வெகுநேரம் கழித்தே மகள் பள்ளிக்குப் புறப்படுவாள். கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டு அவள் தனியாகத்தான் போவாள். இது ஒரு குறை என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை மடுவத்தில் குழந்தையொன்றைத் தொட்டிலில் கிடத்திவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கேகாலை ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் இருந்தார். உயிர் தப்பியது. பேச்சுப் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதில் வராது. எதைக் கேட்டாலும் "இல்ல, இல்ல" என்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும் "இல்ல". வலித்தாலும் "இல்ல". தான் நினைத்தது ஒன்று, வாயில் வருவது வேறொன்று என்பதும் அவருக்குத் தெரியும். இடது கையால் கட்டிலை அடித்து அழுவார். ஊரெல்லாம் ஞாபகத்துக்குப் பெயர்போன அந்தப் பெண்ணுக்கு மகளின் பெயரைச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மார்கழி பிறந்தது. விடியற்காலையில் பஜனைக் குழு எங்கள் லயத்தின் முன்னால் வந்து, அக்காவுக்காகச் சற்று நின்று பாடியது. நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இன்னொரு குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அக்கா படுத்தபடியே பாடிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனால் சொற்கள் தெளிவாக வந்தன. வெளியே பாடியவர்கள் அதைக் கேட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அக்கா பாட்டை முடித்தார்.

"அம்மாவுக்குப் பேச வந்துருச்சு! சித்தி, பேச வந்துருச்சு!" என்று தர்ஷினி கத்தினாள். அக்காவின் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் யாரு? எம் பேர சொல்லுங்கம்மா" என்றாள்.

அக்கா வாயைத் திறந்தார். முயன்றார். "இல்ல" என்றார்.



ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் இதைச் சொன்னோம். அவர் சிங்களப் பெண். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தர்ஷினிக்குச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நாமாகச் சொல்லெடுத்துப் பேசும் பேச்சு மூளையில் ஓரிடத்தைச் சார்ந்தது. அந்த இடம் அடிபட்டுவிட்டது. ஆண்டுக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பதிந்த பாட்டு, பிரார்த்தனை, எண் வரிசை போன்றவை வேறு வழியாக வருகின்றன. அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. சோதித்துப் பார்த்தோம். மிஸ் ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கொடுத்தால் அக்கா தொடர்ந்து எண்ணினார். திங்கள் என்றால் ஞாயிறு வரை சொன்னார். நான் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். முடிவு வரை சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அத்தனை பாடங்கள் உள்ளே இருந்தன. அவற்றைக் கொண்டு "பசிக்கிறது" என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

"பேச்சாக வராததைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்" என்றார் மிஸ். ஒரு சிறிய வாக்கியம். அதற்கு ஒரு ராகம். அவருடைய இடது கையால் தாளம். ஒவ்வொரு நாளும் சலிக்காமல் திரும்பத் திரும்ப.

தர்ஷினி அதை எடுத்துக்கொண்டாள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் தொடையில் தட்டித் தட்டி, "தண்ணி வேணும்" என்று பாடுவாள். முதல் வாக்கியம் வருவதற்கே வாரக்கணக்காயிற்று. எத்தனையோ பாடங்களை ஒரு தரம் கேட்டுப் பிடித்துக்கொண்ட அக்கா இந்த இரண்டு சொல்லுக்காக வியர்த்துப் போவார். பிறகு "வலிக்குது" வந்தது. "திருப்பி விடு" வந்தது. பெரும்பாலும் யாராவது முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். சில நேரம் தண்ணீருக்கு வலிக்குது என்பார். ஆனாலும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஒருநாள் நான் வேலை விட்டு வரும்போது புதிய வாக்கியமொன்று கேட்டது.

"போயிட்டு வா. நான் இருக்கேன்."

தர்ஷினி பாட, அக்கா தடுமாறித் தடுமாறிப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். சாப்பாடு, மருந்து, கழிவறை என்று கேட்க எவ்வளவோ சொற்கள் மீதமிருக்க, இதை ஏன் எடுத்தாள் என்று எனக்குப் புரியவில்லை. அடுப்படிக்கு வந்தவளிடம் கேட்டேன்.

"இது அவங்களுக்கு இல்ல சித்தி, எனக்கு" என்றாள். "அவங்க போறப்ப நான்தான் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். நான் போறப்ப அவங்க ஒருநாளும் வாசல்ல இருந்ததே இல்ல. இப்பதான் இருக்காங்க. பேசத்தான் முடியல்ல. பரீட்சைக்குப் போறப்ப எனக்கு இத கேக்கணும் சித்தி."

அக்காவின் கட்டிலை நாங்கள் கதவோரமாக நகர்த்திப் போட்டோம்.

பரீட்சை தொடங்கியது. காலையில் தர்ஷினி புறப்பட்டுக் கட்டிலருகில் வந்து நிற்பாள். அக்காவின் இடது கை தானாகத் தாளம் போடத் தொடங்கும். "போயிட்டு வா. நான் இருக்கேன்." யாரும் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இறுதிப் பாடத்துக்கு முந்திய பாடத்தன்றும் அப்படித்தான் சொன்னார். அவள் படியிறங்கிப் போவதைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை நாட்களில் விடுப்பெடுத்திருந்த நான் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டேன். நண்பகலுக்குச் சற்று முன் அவருடைய மூச்சு மாறியது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடி வந்தார்கள். முச்சக்கர வண்டி தோட்டத்துப் பாதையில் பாதி வழி இறங்குவதற்குள், என் மடியில் தலை வைத்தபடி அக்கா போய்விட்டார்.

தர்ஷினி பிற்பகலில் வந்தாள். வாசலில் கூட்டத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே வந்து, அக்காவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு என்னைக் கேட்டாள்:

"சித்தி, காலையில சொன்னாங்களே, அது பாடமா சொன்னாங்களா, மனசா சொன்னாங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்த ஓராண்டில் அதை எவ்வளவோ யோசித்துவிட்டேன். இன்றும் தெரியவில்லை. அறிந்தவர்கள் யாராவது இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

மறுநாள் இறுதிக் கிரியை. அன்றே இருந்த இறுதிப் பாடத்தை அவள் எழுதவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். அக்காவின் சொற்களைத் தலையில் சுமந்துகொண்டு மலையேறி வந்த முதலாளி, நடக்க முடியாத இந்த வயதிலும் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறுதிக் கிரியைக்கு வந்தார். அவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததற்கு நாங்கள் கைமாறு செய்ய முடியாது. பேச்சுப் பயிற்சி மிஸ் தம் விடுமுறை நாட்களிலும் தொலைபேசியில் அக்காவின் நிலையை விசாரித்தார். பஜனைக் குழுவினர் அந்த மார்கழி முழுவதும் எங்கள் வாசலில் நின்று பாடினார்கள். நான் வேலைக்குப் போகும் நேரங்களில் பக்கத்துக் காம்பராப் பெண்கள் முறைவைத்து அக்காவைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். பிள்ளை மடுவத்துத் தாய்மாரும், முச்சக்கர வண்டி ஓட்டிய தம்பியும், மழையில் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞர்களும், தூர இடங்களிலிருந்து வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து அழுத அனைவரும் எங்கள் நெஞ்சில் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

தர்ஷினி இந்த ஆண்டு பரீட்சையை மீண்டும் எழுதுகிறாள். பிரத்தியேக வகுப்புக்காகக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்; நானும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மருந்துக் கடையில் பேசி என் வேலை நேரத்தைப் பிந்தியதாக மாற்றிக்கொண்டேன். அவள் புறப்படும்போது நான் கதவடியில் நிற்கிறேன். முதல் சில நாட்கள் கையை மட்டும் அசைத்தேன். இப்போது சொல்லப் பழகிவிட்டேன்.

"போயிட்டு வா. நான் இருக்கேன்."

அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. படியிறங்கும்போது அவளுடைய இடது கை மட்டும் பையின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டே போகிறது.